ஐ.ஜி. சேவலும் ஸ்வாதியின் கைராசியும்

எங்கள் வீட்டுக்கு ஸ்வாதியும் ஐ.ஜி.யும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். ஸ்வாதி என் மருமகள். ஐ.ஜி. என் வீட்டுக்காரர் கடையநல்லூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த சேவல். இரண்டு பேரில் யாருக்கு வீட்டில் மரியாதை அதிகம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வாயில் ஏதாவது வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் முத்துராமலிங்கம் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடையநல்லூர் சேக் தாவூது அண்ணாச்சி வளைகுடாவில் சம்பாதித்தது போதும் என்று ஊருக்குத் திரும்பி ஆசைக்குக் கோழி வளர்க்கிறவர். அவர் வீட்டுச் சேவலைப் பார்த்து இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சேவலைக் குறை சொல்ல மாட்டேன். கறுப்பும் சிவப்புமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் முழங்காலுக்கு மேல் நிற்கும். "முப்பது வருசமா நான் ஐ.ஜி. வந்தா எந்திரிச்சு நின்னேன். இனி ஐ.ஜி. எனக்குக் கூவட்டும்" என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தார். அதற்குக் கம்பு, முளைகட்டிய பயறு, வாரம் ஒருநாள் அவித்த முட்டை. எனக்கு ஒருநாள் ஒரு முட்டை அவித்துக் கொடுத்திருப்பாரா இந்த மனுஷன்?

சரி, ஸ்வாதிக்கு வருகிறேன். என் மகன் சுபாஷ் ராணுவத்தில் இருக்கிறான். கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்ததும் அவன் பதான்கோட்டுக்குப் போய்விட்டான், அவள் இலஞ்சியில் எங்களோடு இருந்தாள். பாளையங்கோட்டைப் பெண். கட்டையாக, உருண்டையாக, கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி இருக்கும். சிரித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாமியார் மருமகள் சண்டையைப் பார்க்கலாம் என்று தெருவே காத்துக் கிடந்தது. பாவம், ஏமாந்து போனார்கள். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. இவள் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கே தெரிந்தது. நான் யாரிடமாவது கத்திவிட்டு வந்தால் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்து, "அத்தை, இன்னைக்குச் சாம்பாருக்கு மிளகாப்பொடி போட வேண்டாம், நீங்க ஒரு தடவ எட்டிப் பாத்தா போதும்" என்பாள். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் நடந்திருப்பது வேறு.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த மருமகள் கையால்தான் அந்த வருஷத்து முதல் அடையை வைக்க வேண்டும். பஞ்சாரக் கூடைக்கு அடியில் வைக்கோல் பரப்பி, அடைக்கோழிக்குக் கீழே முட்டைகளை ஒவ்வொன்றாக அவள் வைப்பாள். எத்தனை பொரிக்கிறது, பொரித்த குஞ்சு எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்து அவளுக்குக் கைராசி உண்டா இல்லையா என்று ஊர் தீர்ப்புச் சொல்லும். ஸ்வாதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பரீட்ச எனக்கா அத்தை, கோழிக்கா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தாள். ஒன்றைத் தவிர அத்தனையும் பொரித்தன. அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரி ஒரு கூடை முட்டையோடு வந்து, "உன் கையால எனக்கும் வச்சுக் குடு தாயி" என்று நின்றாள். பிறகு எதிர் வீடு, பிறகு அடுத்த தெரு. தெருவில் பாதி வீட்டுக்கு ஸ்வாதிதான் அடை வைத்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று, மறைப்பானேன்.

நாலைந்து மாதம் போனது. சேவல் குஞ்செல்லாம் ஐ.ஜி. மாதிரி நெடுநெடுவென்று கிளம்பிவிட்டன. பெட்டைக் குஞ்சுகள் வளர்ந்த வெடக்கோழிகளில்தான் கோளாறு. எல்லாம் இல்லை, ஏறக்குறைய பாதி. கால் குட்டை, கழுத்துக் குட்டை, வயிறு மட்டும் உருண்டை. தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்தன. எங்கள் வீட்டில் மட்டும் என்றால் சும்மா விட்டிருப்பார்கள். ஸ்வாதி அடை வைத்துக்கொடுத்த அத்தனை வீட்டிலும் இதே கதை.

என் வீட்டுக்காரரின் தங்கை பேச்சித்தாய் அடுத்த தெருவில் இருக்கிறாள். நல்லவள்தான், நாக்கில் மட்டும் எலும்பு கிடையாது. ஒருநாள் வந்து பஞ்சாரத்துக்குள் குனிந்து பார்த்தாள். ஸ்வாதி அடுப்படியில் நிற்கிறாள் என்று தெரிந்தே பேசினாள்.

"என்ன மதினி, வச்ச கை எப்படியோ, குஞ்சும் அப்படித்தான் இருக்கும் போல. கட்டையும் குட்டையுமா."

"ஏட்டி, உன் வீட்டுக் கிணத்துல தண்ணி இல்லாததுக்கும் எம் மருமவதான் காரணம்னு சொல்லு" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஊரு சொல்லுது. சேவலுக்கு ஒண்ணும் ஆவல, பொட்டைதான் தாழுது. பொட்டைப் பிள்ளைக்கு ஆவாத கைன்னு சொல்லுதாவ."

நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவள் போன பிறகு வீம்புக்கு நானே ஒரு அடை வைத்தேன். சில மாதம் கழித்துப் பார்த்தால், என் கையால் வைத்ததிலும் பாதி வெடக்கோழி குட்டைதான். இதோ பாருங்கள் என்று தெருவுக்கே காட்டினேன். "அவ இருக்குத வீட்டுக் காத்து அப்படி" என்று சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அதிலிருந்து ஸ்வாதி முட்டை எடுக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். "அத்தை, நீங்களே எடுத்துருங்க" என்பாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் நின்றுபோயிற்று. நன்றாகச் சாப்பிடுகிற பெண், பாதிச் சோற்றில் எழுந்துபோனாள்.

கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுப்பூசி போட வந்த டாக்டர் அல்தாப்பை நான் விடவில்லை. கோழிகளை ஆராய்ச்சி செய்கிற பையன். ஒரு குட்டைக் கோழியைப் பிடித்து அவர் கையில் கொடுத்து, "தம்பி, இதுக்கு என்ன குறை வச்சோம்? சொல்லுங்க" என்றேன். அவர் அதன் காலை அளந்தார், அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எம்மா, இது பட்டினிக் கோழி இல்ல. வயித்துல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு தொட்டுப் பாருங்க. ஒடம்பு வளரதுக்குன்னு தலைக்குள்ள ஒரு சுரப்பி ஹார்மோன அனுப்பும். அது ஈரல்ல போய்க் கதவத் தட்டும். கதவு திறந்தாத்தான் எலும்பு நீளும், சதை பிடிக்கும். இதுகளுக்குத் தட்டுத ஆளு இருக்காரு, கதவுதான் திறக்கலன்னு நினைக்கேன். அப்போ திங்குத தீனி வளர்ச்சிக்குப் போவாது, கொழுப்பா தங்கிரும்."

"கதவு ஏன் திறக்கல?"

"அந்தக் கதவு எப்படி இருக்கணும்னு மரபணுல எழுதியிருக்கும். அதுல கொஞ்சம் விட்டுப்போயிருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"அப்ப கைராசி?"

அவர் சிரித்தார். "கைராசிக்கு ஜீன் கிடையாதும்மா."

எனக்கு அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. குட்டைக் கோழி, நெட்டைக் கோழி, தாய்க் கோழி எல்லாவற்றிலும் ரத்தம் எடுத்தார். ஐ.ஜி.யிடமும் எடுக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"ஐ.ஜி.க்கு எதுக்கு டாக்டர்? அவன் ஒடம்பப் பாத்தாலே தெரியலையா?"

"விசாரணைன்னா எல்லாரையும்தானே விசாரிக்கணும், ஏட்டையா" என்றேன். மனுஷன் விலகி வழிவிட்டார். முடிவு வந்ததும் யாரைக் கூப்பிடட்டும் என்று அல்தாப் கேட்டார். என் நம்பரைக் கொடுத்தேன்.

சாரல் தொடங்கியது, சுபாஷும் லீவில் வந்தான். ஒருநாள் என்னையும் ஸ்வாதியையும் காரில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். அவன் அப்பா வரவில்லை, மழைக்கு ஐ.ஜி. நனைந்துவிடுமாம். அருவியில் நானும் ஸ்வாதியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் முதுகில் அடித்த அடியில் அவள் பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே வந்து சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றோம். திரும்பும்போது நான் பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். அருவியில் குளித்தால் தூக்கம் சொக்கத்தானே செய்யும். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணைத் திறக்கலாம் என்று நினைத்தபோது சுபாஷ் பேசினான்.

"குவார்ட்டர்ஸ் கிடைச்சு எவ்வளவு நாளாச்சு? ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொல்லுத. அம்மாவுக்கு முட்டு வலிங்குத, ஆடி மாசம்ங்குத. இந்தத் தடவ எங்கூட வா ஸ்வாதி. தனியா இருந்து முடியல."

குவார்ட்டர்ஸ் கிடைத்த விஷயம் எனக்குத் தெரியும். எனக்காகத்தான் போகாமல் இருக்கிறாள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் வந்தா என்ன சொல்லுவாங்க?" என்றாள் ஸ்வாதி. "வந்தா, கோழியெல்லாம் வெளங்காம போச்சு, ஓடிட்டான்னு சொல்லுவாங்க. அந்தப் பேரோட இந்த வீட்ட விட்டு நான் இறங்க மாட்டேங்க. டாக்டர் என்ன சொல்லுதாருன்னு தெரியட்டும். என் பேரு தெளிஞ்சா உங்ககூட அடுத்த ட்ரெயின்லயே வாரேன். தெளியலன்னா இந்தத் தடவையும் நீங்க தனியாத்தான் போகணும்."

இலஞ்சி வரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. அன்றைக்குத்தான் பேச்சித்தாய் மகள் இசக்கிச்செல்விக்குத் தென்காசியில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு. ஸ்வாதியும் சுபாஷும் மாடியில் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போனேன்.

"எம்மா, நான் நினைச்சது சரிதான்" என்றார் அல்தாப். "வளர்ச்சி ஹார்மோன வாங்குத ஜீன்லதான் கோளாறு. வந்த வழியும் தெரிஞ்சுபோச்சு. எல்லாம் உங்க சேவல்கிட்ட இருந்துதான்."

எப்படி என்று கேட்டேன், விளக்கினார். போனை வைத்தபோது ஐ.ஜி. என் எதிரே குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றது. வந்த கோபத்துக்கு அதைத் தூக்கிக் குழம்பில் போட்டிருப்பேன். இந்தப் பயல் எங்கள் வீட்டில் மட்டுமா இருந்தான்? விடிந்தால் தெரு முழுக்க ரோந்து போனான். எல்லார் வீட்டுப் பெட்டையோடும் இவனுக்குச் சகவாசம். அந்த முட்டைகளைத்தான் அவரவர் கொண்டுவந்து ஸ்வாதி கையில் கொடுத்து அடை வைக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் திருடனைப் பிடித்த மனுஷனுக்குத் தன் வீட்டு ஐ.ஜி. எங்கே போகிறான் என்று தெரியவில்லை. வந்தது இரண்டு பேரும் ஒரே மாதம். பழி மட்டும் அந்தப் பெண்ணுக்கு.

ஸ்வாதியைக் கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. சொன்னால் போய்விடுவாளே!

நான் பொய் சொல்லப் போகிறேனா என்ன? கொஞ்சம் பொறுத்துச் சொல்லப் போகிறேன். இந்த வாரம் சுபாஷுக்கு ரயில். அவன் போன பிறகு டாக்டர் கூப்பிட்டார் என்று சொன்னால் போதும். அவள் பெயரும் தெளியும், அவளும் என்னோடு இருப்பாள், அடுத்த லீவு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மகன் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பட்டுச்சேலையைக் கட்டினேன். மாடியிலிருந்து இறங்கிவந்த ஸ்வாதி என் கொசுவத்தைச் சரிசெய்ய முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். "டாக்டர் போன் பண்ணலியா அத்தை?" என்று கேட்டாள். "இல்லியே" என்றேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். இசக்கிச்செல்வி பட்டுச்சேலையும் வயிறுமாக நாற்காலியில் அழகாக உட்கார்ந்திருந்தாள். நான் வளையல் போட்டேன், வேறு சிலர் போட்டார்கள். ஸ்வாதி தன் முறைக்காக வரிசையில் நின்றாள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். பேச்சித்தாய் குறுக்கே வந்தாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ போட வேண்டாம் ஸ்வாதி. தப்பா நினைக்காத. கோழிக்குஞ்சு விசயத்துலயே பொட்டைக்கு ஆவல. எம்மவ வயித்துல பொம்பளப் பிள்ளையா இருந்துட்டா? மனசு கேக்க மாட்டேங்குது தாயி."

சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த வளையல்களை வாங்கிக்கொண்டாள்.

ஸ்வாதி சண்டை போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அழுதிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் சிரித்தாள். "சரி, பரவாயில்ல" என்று சொல்லி, பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏட்டி பேச்சி!" என்றேன். மண்டபத்தில் நாதஸ்வரப் பாட்டைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். "அந்த வளையல அவ கையில குடு. குடுட்டி! கோழி குட்டையாப் போனதுக்கு எம் மருமவ கை காரணம் இல்ல. உங்க அண்ணன் மடியில வச்சுக் கொஞ்சுதாரே, அந்த ஐ.ஜி.தான் காரணம். காலையில டாக்டர் போன் பண்ணிச் சொல்லிட்டாரு."

சாப்பாட்டுப் பந்தியிலிருந்து என் வீட்டுக்காரர் கையில் அப்பளத்தோடு ஓடிவந்தார். "என்னட்டி உளறுத? ஐ.ஜி.யவா சொல்லுத?"

"நான் உளறுதேனா? இருங்க." டாக்டருக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வளையல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "தம்பி, காலையில சொன்னத இன்னொரு மட்டம் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, இங்கன கொஞ்சம் பேருக்குக் காது மந்தம்."

பாவம் அல்தாப், எங்கே இருந்தாரோ. ஆனால் நன்றாகச் சொன்னார்.

"வளர்ச்சி ஹார்மோன வாங்குத ஜீன் சேவலுக்கு ரெண்டு இருக்கும்மா, பெட்டைக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ணும் அப்பங்கிட்ட இருந்துதான் வரும். உங்க ஐ.ஜி.க்கு ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. நல்லது ஒண்ணு இருக்கதால அவரு நல்ல உயரமா இருக்காரு. பழுது மகளுக்குப் போயிட்டா, அவளுக்கு மாத்து கிடையாது, குட்டையா கொழுப்போட நின்னுருவா. மகனுக்குப் பழுது போனாலும் தாய்கிட்ட இருந்து ஒரு நல்லது வந்து காப்பாத்திரும். அதான் சேவலெல்லாம் வளந்துது, பெட்டையில பாதி வளரல. யாரு அடை வச்சாலும் இதேதான் வந்திருக்கும்."

"அப்ப வச்ச கைக்கு இதுல பங்கு இல்லையே?" என்றேன்.

"கைக்கு என்னம்மா பங்கு? இவ்வளவு முட்ட பொரிச்சிருக்குன்னா, வச்ச கை நல்ல கைன்னு வேணா சொல்லிக்கோங்க. இன்னொண்ணு, அந்தக் குட்டைக் கோழிய வெட்டிராதீங்க. தீனி கம்மியாத் தின்னுட்டு நல்லா முட்ட போடும். சில நாட்டுல அதுக்குன்னே தேடி வளக்காங்க."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். "ஆம்பள நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிவான், பழி பொம்பள தலையில. இதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமாக்கும்" என்றாள். பிறகு மண்டபமே சிரித்தது. என் வீட்டுக்காரர் அப்பளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு ஸ்வாதி நின்ற சுவர் ஓரத்துக்குப் போனார்.

"ஏ ஸ்வாதி, மாமா வீட்டுக்குள்ளயே குற்றவாளிய வச்சுக்கிட்டு விசாரிக்காம இருந்துட்டேன். மனசுல வச்சுக்காதம்மா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம்கூட அப்படி ஒரு வார்த்தை அவர் பேசியது கிடையாது. அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

இசக்கிச்செல்வி நாற்காலியிலிருந்து கையை நீட்டினாள். "ஸ்வாதி, நீ வந்து போடு. நீ போட்டாத்தான் நான் எந்திரிப்பேன்."

பேச்சித்தாய் வளையல்களைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த வயிறுல்லா, பயந்துட்டேன் தாயி" என்றாள். சொன்னேனே, நல்லவள்தான். ஸ்வாதி இரண்டு கையிலும் நிறைய வளையல் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்படிக்குள் போய் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்வாதி பின்னாலேயே வந்தாள்.

"காலையிலயே போன் வந்துட்டா அத்தை?"

"ம்."

"நான் கேட்டப்போ இல்லன்னீங்க."

இனி மறைத்து என்ன செய்ய? "சொன்னா நீ போயிருவியேட்டி" என்றேன். "நேத்து கார்ல நீ பேசினதெல்லாம் கேட்டேன். ரயிலு போற வர வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். நான் கெட்டவதான், போ."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை."

"எப்படித் தெரியும்?"

"தூங்கினா குறட்ட விடுவீங்க. நேத்து விடல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சா அப்படிப் பேசின? எனக்காக இருக்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பேருக்காக இருக்கேன்னு சொல்லிட்டியே."

"பேரும் ஒரு காரணம். உங்கள விட்டுட்டுப் போக மனசு வராதது இன்னொரு காரணம். ரெண்டாவத கட்டின புருசன்கிட்டச் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க." அவள் என் முகத்தைத் துடைத்தாள். "நான் போகல அத்தை. அவரு கோவிச்சாலும் பரவாயில்ல. நீங்க போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இருந்துருதேன்."

அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. நாக்கு நுனியில் நின்ற எதையும் நான் இதுவரை விழுங்கியது இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். அன்றைக்கு விழுங்கினேன்.

"அவன் அங்கன ஒத்தையில கெடந்து வேகாத சப்பாத்தியத் திங்கான். ஏட்டி, போயி பெட்டிய எடு" என்றேன்.

தென்காசி ஸ்டேஷனில் அன்று சாரல் குறுக்கே அடித்தது. முறுக்கு, ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். பதான்கோட்டில் முட்டை கிடைக்கும், கோழி வளர்க்கக் கிளம்பிவிடாதே என்று சொன்னேன். ஸ்வாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்புப் போதும் போல இருந்தது. ரயில் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக இரண்டு கையையும் வெளியே நீட்டி ஆட்டினாள். அவள் கண்ணுக்கு மறையும்வரை நான் அழவில்லை. மறைந்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்து வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து குடையை எனக்கு மட்டும் பிடித்தார்.

"கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லியிருந்தா இங்கனயே இருந்திருப்பாளே முப்பிடாதி. நீதான் அவசரப்பட்டுட்ட" என்றார்.

"இருந்திருப்பா" என்றேன். "கையப் பின்னால கட்டிக்கிட்டு இருந்திருப்பா. அந்தப் பிள்ள ரெண்டு கையையும் வெளிய நீட்டிக்கிட்டுப் போகுதே, நீங்க பாக்கலியா?"

பார்த்தேன் என்றார். சேலை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். துடைத்து முடித்துத் திரும்பினால், என் முந்தானையின் அடுத்த நுனியில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.